பழைய டெஸ்க்டாப்பைப் பிரித்து ஹார்டுவேர் கற்பது எப்படி?

கேள்வி இதுதான்: பி.காம். படிக்கும் ஒருவருக்கு, மாமாவின் ஆபீஸில் ஓரங்கட்டிய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்திருக்கிறது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே இருப்பது எது எதற்கு என்று கற்றுக்கொள்ள ஆசை. பிரித்தால் கெட்டுவிடுமா, முதலில் ஏதாவது கோர்ஸில் சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பிரியுங்கள். கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான மெஷின் அமையாது. இன்றைய லேப்டாப்பில் பாதிப் பாகங்களைப் போர்டோடு (மதர்போர்டு, எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகை) சேர்த்து சால்டர் செய்துவிடுகிறார்கள், கழற்றிப் பார்க்க வழியில்லை. டெஸ்க்டாப்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் வரும். கோர்ஸ் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தூசு தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், ஸ்க்ரூ போட்டுவைக்க ஒரு கிண்ணம், ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குவதற்கு முன் போட்டோ எடுக்க உங்கள் போன். இவ்வளவு போதும். ஆபீஸ் மெஷின் என்பதால் டிஸ்கில் அவர்கள் கணக்கு வழக்கு ஏதாவது மிச்சம் இருக்கலாம். மாமாவிடம் கேட்டு, வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். அது ஒரு வாரத்தில் அலுத்துவிடும், மறந்தும் போகும். அதற்குப் பதிலாக இரண்டு வழிகளைத் தொடர்ந்து போங்கள். சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம் உள்ளே எங்கெங்கே போகிறது? டிஸ்கில் கிடக்கும் ஒரு ஃபைல் எந்தெந்த இடம் தாண்டித் திரைக்கு வருகிறது? இந்த இரண்டையும் உங்கள் போர்டில் விரல் வைத்துக் காட்ட முடிகிற அன்றைக்கு, ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாக விளங்கிவிடும்.

பிரிப்பதற்கு முன் பவர் கேபிளைச் சுத்தமாகப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஷட்டவுன் ஆன பிறகும் போர்டுக்கு 5 வோல்ட் சப்ளை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் போர்டு உங்களைக் கவனிப்பதே அந்தச் சப்ளையால்தான். கேபிளைப் பிடுங்கியபின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் மீதி வடிந்துவிடும். அடுத்து, போர்டைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நம் கைக்கு உறைக்க 2,000, 3,000 வோல்ட்டாவது வேண்டும். சிப் எனும் சில்லைக் கெடுக்க அதைவிடக் குறைவே போதும், நமக்குத் தெரியாமலே நடந்துவிடும்.

மின்சாரத்தின் வழியை முதலில் பார்ப்போம். பவர் கேபிள் வந்து செருகும் உலோகப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், மற்ற பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை. எல்லாவற்றையும் பிரியுங்கள் என்று சொல்லும் நான், இதை மட்டும் திறக்காதீர்கள் என்பேன். வீட்டு 230 வோல்ட் ஏசி உள்ளே போனதும் டிசியாக மாறி, சுமார் 325 வோல்ட்டாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்து நிற்கிறது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சேமிப்பு கொஞ்ச நேரம் இருக்கலாம். அந்த உயர் வோல்ட் டிசியை ஒரு டிரான்சிஸ்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அதிர்வெண் அவ்வளவு அதிகம் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் கையடக்கமாக இருந்தாலே போதும். நம் பழைய ஸ்டெபிலைசரின் கனமும் இந்தப் பெட்டியின் எடையும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு விஷயம். நம் ஊரில் பல வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும், "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சல் வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குப் போகும். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுக்கப் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் உறைக்கிறது. உங்கள் மெஷினில் அப்படி இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இருந்தும் ஷாக் அடித்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவதே நல்லது.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயர்களின் நிறத்தைக் கவனியுங்கள். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரப்படி மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எல்லாம் கிரவுண்ட். ஊதாதான் மேலே சொன்ன, எப்போதும் ஓடும் 5 வோல்ட். பச்சை ஒயரை போர்டு கிரவுண்டோடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் முழுசாக விழித்துக்கொள்ளும். பவர் பட்டன் நேராக மின்சாரத்தை ஆன் செய்வதில்லை. அது போர்டிடம் சொல்கிறது, போர்டு பச்சை ஒயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. சில பிராண்டட் ஆபீஸ் மெஷின்களில் கனெக்டரும் நிறமும் மாறியிருக்கும், அதனால் லேபிளையும் படித்துக்கொள்ளுங்கள்.

பெரிய 24 முனை கனெக்டர் போர்டுக்குப் போகும். அது தவிர, கணக்கெல்லாம் போடும் முக்கியச் சில்லான ப்ராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 முனையோடு மஞ்சள், கறுப்பு மட்டுமே உள்ள ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். இதுதான் ப்ராசஸருக்கான தனி சப்ளை. அங்கிருந்து கண்ணை நகர்த்தினால் ப்ராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டிகளும் உருளைகளும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். காயில்களும் கெப்பாசிட்டர்களும் அவை. உங்கள் ஐ5 ப்ராசஸர் ஐ5-3470 என்று வைத்துக்கொள்வோம். அதன் வெப்பக் கணக்கு 77 வாட். ஆனால் அது வாங்கிக்கொள்வது 12 வோல்ட் இல்லை, ஏறக்குறைய 1 வோல்ட். அப்படியென்றால் முழு வேகத்தில் ஓடும்போது 60, 70 ஆம்பியர் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் போக வேண்டும். வீட்டு மெயின் ஃபியூஸில்கூட அவ்வளவு ஓடாது! 12 வோல்ட்டை 1 வோல்ட் ஆக்கி, அத்தனை ஆம்பியரையும் ஆடாமல் அசையாமல் கொடுப்பதுதான் சுற்றி நிற்கும் அந்த வரிசையின் வேலை. உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நலம். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்த போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஹேங் ஆகும். 2000களின் தொடக்கத்தில் தரமில்லாத கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க ஏராளமான போர்டுகள் இப்படித்தான் செத்தன.

இனி தரவின் வழி. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. உங்கள் பழைய மெஷின் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

ஐ5-3470 ஓடும் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 320 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பு நமக்கு ஒரு விநாடி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தனக்குள்ளேயே இருக்கும் முதல் நிலை கேச்சில் (மிகச் சின்ன, மிக வேகமான நினைவகம்) ஒன்றைத் தேடி எடுக்க ப்ராசஸருக்கு 4 விநாடி ஆகும். அங்கே இல்லையென்றால், ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராமுக்குப் போக வேண்டும்: மூன்று நிமிடத்துக்கு மேல். ராமிலும் இல்லை, எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன டிஸ்க்) இருக்கிறது என்றால் கிட்டத்தட்ட நான்கு நாள். ஹார்ட் டிஸ்க் என்றால்? ஒரு வருஷம் நாலு மாதம்.

இது மிகை இல்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் டிஸ்கின் லேபிளில் 7200 ஆர்பிஎம் என்று இருக்கும், அதாவது உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் இடம், தட்டைப் படிக்கும் தலைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், 4.2 மில்லி விநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறக்குறைய 9. மொத்தம் 13 மில்லி விநாடி. அதற்குள் ப்ராசஸர் நாலு கோடித் துடிப்பு கடந்திருக்கும். இன்னொன்றையும் பாருங்கள். ஒரு தேடலுக்கு 13 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 75 தேடல்தான் முடியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய 4 கேபி துண்டுகளைத் தேடினால் விநாடிக்கு வெறும் 300 கேபி. ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது 100 எம்பிக்கு மேல் கொடுக்கும் அதே டிஸ்க் இது. விண்டோஸ் ஆரம்பிக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும், பக்கத்தில் வேகம் ஒன்றிரண்டு எம்பிதான் காட்டும். டிஸ்க் சோம்பேறி இல்லை, தலை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ராசஸர் சும்மா காத்திருக்கிறது.

கேச், ராம், டிஸ்க் என்று ஏன் இத்தனை அடுக்கு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. வேகமானது சின்னது, விலை அதிகம். பெரியது மெதுவானது, மலிவு. அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி வைப்பதற்காகத்தான் இந்த அடுக்கெல்லாம்.

ராமைக் கழற்றுங்கள். ஸ்லாட்டின் இரு முனையிலும் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் தானாக எழும்பும். ஓரத்தைப் பிடியுங்கள், தங்கநிற விளிம்பில் விரல் பட வேண்டாம். கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். பெரும்பாலும் 8 அல்லது 16 இருக்கும். ஒவ்வொரு சில்லும் 8 பிட் கொடுத்தால் எட்டு சில்லு சேர்ந்து ஒரே தடவையில் 64 பிட். சர்வர் ராமில் பிழை கண்டுபிடிக்க ஒன்று கூடுதலாக, ஒன்பது இருக்கும். உள்ளே ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய கெப்பாசிட்டர். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்து 1968ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. உங்கள் 4 ஜிபியில் இப்படிச் சுமார் 3,400 கோடி கெப்பாசிட்டர்கள். எல்லாமே ஓட்டை, சேமித்தது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். கரண்ட் போனால் ராமில் இருந்தது ஏன் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

அந்தத் தங்கநிற விளிம்பு மங்கலாக இருக்கிறதா? பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். "திரை வரலை" என்று சர்வீஸுக்கு வரும் பழைய மெஷின்கள் பல, இந்த ஒரு வேலையில் உயிர் பெற்றுவிடும். போடும்போது அடியில் இருக்கும் பிளவு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரு ராம் தலைமுறைகளுக்கும் இந்தப் பிளவு வேறு வேறு இடத்தில், காரணத்தோடுதான்: முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.2. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். போகாவிட்டால் அழுத்தாதீர்கள், அது தவறான ராம்.

பாடப்புத்தகம் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. பல புத்தகங்களில் இன்னும் நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டு சில்லு போட்ட படம் இருக்கும். உங்கள் போர்டில் எவ்வளவு தேடினாலும் இரண்டாவதைக் காண முடியாது. நார்த் பிரிட்ஜ் செய்துவந்த, ராமோடு பேசும் வேலையை ஏஎம்டி 2003லும் இன்டெல் 2008லும் ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. ராம் ஸ்லாட்டிலிருந்து கிளம்பும் நெளிநெளியான செம்புக் கோடுகள் நேராக ப்ராசஸருக்கே போவதை போர்டில் பார்க்கலாம். அவை நெளிவது அழகுக்காக இல்லை. எல்லாக் கோடும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் சிக்னல்கள் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், குட்டையானதை வளைத்து நீட்டியிருக்கிறார்கள். போர்டில் மிச்சம் இருக்கும் ஒற்றைச் சில்லு யுஎஸ்பி, சாட்டா (டிஸ்க் செருகும் இணைப்பு), சவுண்ட், நெட்வொர்க் இவற்றைக் கவனிக்கிறது.

ப்ராசஸரைக் கடைசியாகத் தொடுங்கள். மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துக் கேபிளைப் பிடுங்கியபின், அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்றினால், இடையில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் இளகியிருக்கும். நேராக இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள். கம்பியை விடுவித்து மூடியைத் திறந்தால் ப்ராசஸர் வெறுமனே படுத்திருக்கும். அதன் அடியில் முனை இல்லை, தட்டையான பொட்டுகள்தான். முனைகள் சாக்கெட்டில் இருக்கின்றன, மொத்தம் 1,155. மயிரிழை போன்ற அவற்றில் ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம், போர்டே போகலாம். அதனால் பார்த்துவிட்டு உடனே திரும்ப வைத்து மூடுங்கள், மூலையில் உள்ள முக்கோணக் குறி பொருந்த வேண்டும். 1971ல் வந்த இன்டெல் 4004ல் 2,300 டிரான்சிஸ்டர். இந்தத் தலைமுறையின் நாலு கோர் சில்லில் சுமார் 140 கோடி. காய்ந்த பேஸ்டைத் துடைத்துவிட்டு, நடுவில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டு புதிய பேஸ்ட் வைத்து ஹீட்சிங்கைப் பூட்டுங்கள். ஹீட்சிங்க் இல்லாமல் ஆன் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

பாகங்கள் பழகியதும் சோதனையில் இறங்குங்கள். ஒவ்வொரு தடவையும் கேபிளைப் பிடுங்கி, ஒரே ஒரு பாகத்தைக் கழற்றி, ஆன் செய்து என்ன ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ராம் இல்லாமல் ஆன் செய்தால் ஸ்பீக்கர் இருக்கும் போர்டு பீப் பீப் என்று கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும். யோசித்துப் பாருங்கள்: ராமே இல்லாதபோது கத்த வேண்டும் என்று சொன்ன புரோகிராம் எங்கே ஓடியது? மெஷினை எழுப்பும் முதல் புரோகிராமான பயாஸ், போர்டில் இருக்கும் ஒரு சின்ன ஃபிளாஷ் சில்லில் உட்கார்ந்திருக்கிறது. ராம் தயாராகும்வரை ப்ராசஸரின் கேச்சையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. அடுத்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள். இப்போது திரை வரும், பயாஸுக்குள்ளும் போகலாம், பூட் செய்ய எதுவும் இல்லை என்ற செய்தி மட்டும் நிற்கும். விண்டோஸ் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்பது அப்போது நன்றாக உறைக்கும். அப்புறம் போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். அதைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் தேதி பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். தேதியைத் திருத்தாமல் பிரவுசரைத் திறந்தால் பேங்க் சைட் முதல் கூகுள் வரை "பாதுகாப்பானதல்ல" என்று மிரட்டும். சைட் நிஜமானதுதான் என்று காட்டும் சர்டிஃபிகேட்டின் தேதியோடு மெஷினின் தேதி பொருந்தாததுதான் காரணம். நாற்பது ஐம்பது ரூபாய் பேட்டரிப் பிரச்சினைக்கு விண்டோஸையே அழித்துப் போட்டவர்கள் உண்டு.

கற்றுக்கொண்ட கையோடு மெஷினையும் தேற்றிவிடலாம். கையில் இருக்கும் பணத்தை முதலில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியில் போடுங்கள், ராம் அடுத்தது. மேலே போட்ட கணக்கில் ஒரு வருஷம் நாலு மாதம் நான்கு நாளாகும் இடம் அதுதான். இந்தக் காலத்து போர்டுகளில் எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்காது, எம்.2 எஸ்எஸ்டியைக் கடைக்காரர் காட்டினாலும் வாங்காதீர்கள். சாட்டா போர்ட்டுகளில் சில விநாடிக்கு 6 கிகாபிட், சில 3 கிகாபிட். பெரும்பாலும் நிறத்தில் வித்தியாசம் இருக்கும், பக்கத்தில் அச்சிட்டும் இருக்கும். எஸ்எஸ்டியை 6லேயே செருகுங்கள். ராம் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால் போதும். இரண்டு குச்சியையும் ஒரே நிறத்து ஸ்லாட்டில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் படிக்கும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 தாராளமாகக் கிடைக்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் ப்ராசஸர்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள், இந்த மெஷினில் நன்றாகவே ஓடும்.

எல்லாம் பூட்டி ஆன் செய்து, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். ப்ராசஸர் பக்கத்துச் சின்ன மஞ்சள்-கறுப்பு கனெக்டரைச் செருகினீர்களா என்று முதலில் பாருங்கள், அதிகமாக மறப்பது அதைத்தான். அடுத்து ராம்: இரு பக்கமும் கிளிப் டக்கென்று விழுந்திருக்க வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் செருகியிருந்தால் பல மெஷின்களில் படம் வராது. மூன்றும் சரி, அப்போதும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ராமை மட்டும் வைத்து, டிஸ்க் உட்பட மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். திரை வந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் திரை போகிறதோ, கோளாறு அந்தப் பாகத்திலோ அது செருகும் இடத்திலோதான் இருக்கும்.